இருசக்கர வண்டிகளில் வானிலைப் பாதுகாப்பு

மழை, குளிர், காற்று, சேறு, தூசி ஆகியவற்றிலிருந்து ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் ஓட்டுநரைக் காப்பதற்காக வண்டியோடு சேர்த்து அமைக்கப்படும் தடுப்புகளும் உறைகளும் வானிலைப் பாதுகாப்பு அமைப்புகள் எனப்படுகின்றன. மட்கார்டு, கால் மறைப்பு, எஞ்சின் உறை, முகப்புக் கண்ணாடி, கூரை என இவை பல அளவுகளில் அமையும். இதற்கான முயற்சிகள் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகின்றன. அவற்றுள் காலையும் உடையையும் காக்கும் அமைப்புகள் உலகெங்கும் பரவின. ஓட்டுநரை முழுவதுமாக மூடும் வடிவங்களோ மீண்டும் மீண்டும் தோன்றிச் சில ஆண்டுகளில் மறைந்தன. இருசக்கர வண்டி சாயாமல் நிற்கும் முறை, சட்டம், விலை ஆகிய மூன்றும் இந்த வேறுபாட்டுக்குக் காரணங்களாகும்.

தொடக்க கால முயற்சிகள்

தொடக்க கால மோட்டார் சைக்கிள்களில் எஞ்சினும் சங்கிலியும் வெளியே தெரியும்படி இருந்தன. எஞ்சின் எண்ணெயும் சாலைச் சேறும் ஓட்டுநரின் உடையில் தெறித்தன. எனவே சாதாரண உடையில் பயணம் செய்ய இயலவில்லை. முதல் உலகப் போருக்குப் பின் இக்குறையைப் போக்கும் வடிவங்கள் வெளிவந்தன. இங்கிலாந்தின் குளொஸ்டர்ஷயர் விமான நிறுவனம் 1920இல் யூனிபஸ் என்னும் ஸ்கூட்டரை அறிமுகப்படுத்தியது. அதன் முன்புறத்தில் கால்களை மறைக்கும் தகடும், எஞ்சினை மூடும் உறையும் இருந்தன. பிற்கால ஸ்கூட்டர்களின் அடிப்படை வடிவம் இதிலேயே காணப்படுகிறது. ஆனால் விலை அதிகமாக இருந்ததால் இது பரவவில்லை. இதே காலத்தில் அமெரிக்கரான கார்ல் நெராக்கர் வடிவமைத்த நெர்-அ-கார், தாழ்ந்த உடலும் அகன்ற முன் மட்கார்டும் கொண்டிருந்தது.

வெஸ்பாவும் கால் மறைப்பும்

கால் மறைப்பைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்தின் வெஸ்பா ஆகும். இதன் காப்புரிமைக்கு 1946 ஏப்ரல் 23 அன்று விண்ணப்பிக்கப்பட்டது. வடிவமைத்தவர் கொர்ராதினோ தாஸ்கானியோ என்னும் விமானப் பொறியாளர். மோட்டார் சைக்கிள் அழுக்கானது, ஏறி அமர்வதற்குக் கடினமானது, சக்கரம் கழற்றுவதற்குச் சிரமமானது என்பது அவருடைய கருத்து. எனவே எஞ்சினைப் பின்சக்கரத்தின் அருகே வைத்து உறையால் மூடினார். கியர் மாற்றும் அமைப்பைக் கைப்பிடிக்குக் கொண்டுவந்தார். முன்புறத் தகட்டையும் காலடித் தளத்தையும் ஒரே உடலாக இணைத்தார். தூக்கிக் கடக்க வேண்டிய பெட்ரோல் டேங்க் நடுவில் இல்லாததால் பாவாடை அணிந்த பெண்களும் இதில் எளிதாக ஏறி அமர முடிந்தது.

போட்டி நிறுவனமான இன்னொசென்டி 1947இல் வெளியிட்ட லாம்ப்ரெட்டாவின் முதல் வடிவத்தில் எஞ்சினுக்கு உறை இல்லை. 1950 முதல் திறந்த வடிவமும் உறையிட்ட வடிவமும் அருகருகே விற்கப்பட்டன. இறுதியில் உறையிட்ட வடிவமே நிலைத்தது.

ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1958இல் வெளியிட்ட சூப்பர் கப், கால் மறைப்பைப் பிளாஸ்டிக்கில் அமைத்தது. இது எடை குறைந்தது, துருப்பிடிக்காதது. இவ்வகை வண்டிகளின் மொத்த உற்பத்தி 2017இல் 10 கோடியைக் கடந்தது.

பிரித்தானியாவின் உறையிட்ட மோட்டார் சைக்கிள்கள்

ஸ்கூட்டரின் தூய்மையை மோட்டார் சைக்கிளுக்கும் கொண்டுவரும் முயற்சி பிரித்தானியாவில் நடந்தது. 1948இல் வெளியான வெலொசெட் எல்.இ. நீரால் குளிர்விக்கப்படும் 149 சிசி எஞ்சினையும் கால் மறைப்புகளையும் கொண்டிருந்தது. அதிக ஓசை எழுப்பாத இந்த வண்டியைப் பின்னர் காவல்துறையினர் ரோந்துப் பணிக்குப் பயன்படுத்தினர். பொதுமக்களிடம் நிறுவனம் எதிர்பார்த்த அளவுக்கு இது விற்கவில்லை.

வின்சென்ட் நிறுவனம் 1954இன் இறுதியில் பிளாக் பிரின்ஸ், பிளாக் நைட் என்னும் 998 சிசி வண்டிகளைக் காட்சிக்கு வைத்தது. கண்ணாடி இழையால் ஆன உறை எஞ்சினையும் பின்சக்கரத்தின் பெரும்பகுதியையும் மூடியது. முகப்புக் கண்ணாடியும் கால் மறைப்பும் அதில் அடங்கின. எனினும் 1955 டிசம்பரில் நிறுவனம் மோட்டார் சைக்கிள் உற்பத்தியையே நிறுத்திவிட்டது.

1958இல் வெளிவந்த ஏரியல் லீடர் இவற்றுள் முழுமையானது. வால் பேஜ் வடிவமைத்த இந்த 247 சிசி வண்டியின் உடல், அழுத்தி வார்க்கப்பட்ட எஃகுத் தகட்டால் ஆனது. பெட்ரோல் டேங்க் போலத் தோன்றிய பகுதி உண்மையில் பொருள் வைக்கும் பெட்டியாக இருந்தது. பெட்ரோல் இருக்கைக்கு அடியில் வைக்கப்பட்டது. ஆயினும் அடுத்த ஆண்டின் இறுதியிலேயே நிறுவனம் உறைகளைக் களைந்து, ஏரோ என்னும் விலை குறைந்த வடிவத்தையும் விற்கத் தொடங்கியது. 1959இல் மினி கார் வெளிவந்தது. மழையில் நனையாமல் போக விரும்பிய குடும்பத்தினருக்குச் சிறிய காரும், விரைவை விரும்பிய இளைஞர்களுக்குத் திறந்த மோட்டார் சைக்கிளும் இருந்தன. இரண்டுக்கும் இடைப்பட்ட வண்டிக்கு வாங்குவோர் குறைந்தனர். 1965இல் லீடரின் உற்பத்தி முடிவுக்கு வந்தது.

பக்கக் காற்றும் பந்தயத் தடையும்

பந்தய வண்டிகளில் உறை வேகத்துக்காகப் பயன்பட்டது. இத்தாலியின் மோட்டோ குஸ்ஸி நிறுவனம் 1950இல் தனக்கெனக் காற்றுச் சுரங்கம் ஒன்றையே அமைத்தது. முன்சக்கரத்தையும் சேர்த்து மூடும் பெரிய முகப்புக் கவசம் 1950களில் பரவியது. குப்பைத்தொட்டி போன்ற தோற்றத்தால் அதற்கு அப்பெயரே வழங்கிற்று. எதிர்க்காற்றை எளிதில் கிழித்த இக்கவசம், பக்கவாட்டில் வீசும் காற்றில் பாய்மரம் போலச் செயல்பட்டு வண்டியைத் தள்ளியது. பாதுகாப்பு கருதிப் பன்னாட்டு மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு 1958ஆம் ஆண்டுப் பந்தயங்களிலிருந்து இதற்குத் தடை விதித்தது.

ஓடும் இருசக்கர வண்டி, கைப்பிடியில் நிகழும் சிறு திருத்தங்களாலும் பக்கம் சாய்வதாலும் சமநிலை பெறுகிறது. நிற்கும்போது ஓட்டுநரின் கால்களே அதைத் தாங்குகின்றன. பக்கச் சுவர் வைத்தால் காலை ஊன்ற வழியில்லை. காற்றுக்கும் பரப்பு கூடுகிறது. கூரை வைத்தால் எடை மேலே ஏறுகிறது.

கூரையுள்ள வடிவங்கள்

1970களின் நடுவில் இங்கிலாந்தில் மால்கம் நியூவெல், கென் லீமன் ஆகியோர் குவாசர் என்னும் வண்டியை உருவாக்கினர். ஓட்டுநர் கால்களை முன்னே நீட்டிச் சாய்ந்து அமரும் இதில் ரிலையன்ட் கார் எஞ்சினும் கூரையும் இருந்தன. காலை ஊன்றுவதற்காகப் பக்கங்கள் திறந்தே விடப்பட்டன. ஏறத்தாழ இருபது வண்டிகளே தயாராயின.

சுவிட்சர்லாந்தின் ஆர்னால்ட் வாக்னர் உருவாக்கிய இகோமொபைல் நான்கு பக்கமும் மூடப்பட்டது. காலை ஊன்ற முடியாத குறையைப் போக்க, நிற்கும்போது இருபுறமும் இறங்கும் சிறு துணைச் சக்கரங்கள் பொருத்தப்பட்டன. இதனால் விலை உயர்ந்து, மிகச் சிலரே வாங்கும் வண்டியாக அது அமைந்தது.

பி.எம்.டபிள்யூ சி1

பெரிய நிறுவனம் ஒன்று மேற்கொண்ட முக்கிய முயற்சி சி1 ஆகும். 2000ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இந்த ஸ்கூட்டரில் அலுமினியச் சட்டகம் ஓட்டுநரின் தலைக்கு மேல் வளைந்து கூரையாக அமைந்தது. முகப்புக் கண்ணாடி, துடைப்பான், மோதலைத் தாங்கும் முன்பகுதி, இரண்டு இருக்கைப் பட்டைகள் ஆகியன இருந்தன. பட்டை அணிந்து ஓட்டினால் தலைக்கவசம் வேண்டியதில்லை என ஜெர்மனி உள்ளிட்ட சில நாடுகள் விதிவிலக்கு அளித்தன. பிரித்தானியா அதை ஏற்கவில்லை. அங்கே பட்டை, கூரை, தலைக்கவசம் மூன்றையும் சுமக்க வேண்டியதாயிற்று. பின்னால் அமர்பவர் பாதுகாப்புச் சட்டகத்துக்கு வெளியே இருந்தார். வண்டியின் எடை சுமார் 185 கிலோ. மெதுவாகச் செல்லும்போது மேற்பாரம் உணரப்பட்டது. 2001இல் பத்தாயிரத்துக்கும் மேல் விற்ற சி1, 2002இல் ஏறத்தாழ 2,000 மட்டுமே விற்றது. அதன்பின் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

மூன்றாம் சக்கரம்

மூன்றாம் சக்கரம் சேர்ந்த இடங்களில் கூரை நிலைபெற்றது. ஹோண்டா 1990இல் வெளியிட்ட ஜைரோ கேனப்பி, பின்புறம் இரண்டு சக்கரங்களும் கூரையும் கொண்ட 50 சிசி வகை வண்டியாகும். பின்சக்கரங்கள் தரையில் நேராக நிற்க, முன்பகுதி மட்டும் வளைவுகளில் சாயும். குறைந்த தூரம் செல்லும் பீட்சா விநியோகம் போன்ற பணிகளுக்கு ஜப்பானில் இது பெரிதும் பயன்பட்டது.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பழக்கமான ஆட்டோவின் மூலமும் இதே மரபில் உள்ளது. பியாஜியோ 1948இல் வெஸ்பாவின் அமைப்பைக் கொண்டு ஆபே என்னும் மூன்று சக்கரச் சரக்கு வண்டியை உருவாக்கியது. பயணிகளுக்கேற்ற அதன் வடிவங்கள் பின்னர் பஜாஜ் நிறுவனத்தின் வழியே இந்தியாவில் பரவின. ஸ்கூட்டருக்கு எட்டாத கூரை, ஆட்டோவில் ஓட்டுநருக்கும் பயணிக்கும் எளிதில் கிடைத்தது.

இன்றைய நிலை

இருசக்கர வண்டிகளில் இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் பகுதிப் பாதுகாப்புகளே. இந்தியாவில் பின்சக்கரத்தில் உடை சிக்காமல் தடுக்கும் காப்பு மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன்படி கட்டாயமாகும். இதுவே வழக்கில் சாரி கார்டு எனப்படுகிறது. மற்றக் குறைகளை ஓட்டுநர் உடையாலேயே ஈடுசெய்கிறார். இத்தாலியில் ஸ்கூட்டரோடு கட்டும் கால் போர்வையும், வியட்நாமில் முகப்பு விளக்குக்கு நேரே ஒளிபுகும் பகுதி கொண்ட மழை அங்கியும், சீனாவில் குளிர்காலக் காற்றுத்தடுப்பு மெத்தையும் வழக்கில் உள்ளன. இவை விலை குறைந்தவை. மழை நின்றதும் மடித்து வைக்கக்கூடியவை. காலை ஊன்றவும் உடலைச் சாய்க்கவும் தடையாக இல்லாத பாதுகாப்பையே இருசக்கர வண்டி ஏற்றுக்கொண்டது என்பதற்கு இவை சான்றாகும்.