முட்டை ஓடும் முறிந்த எலும்பும்

போன மாதம் நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்து, தினமும் ஒரு ஸ்பூன் மோரில் கலந்து குடித்தால் முறிந்த எலும்பு கூடிவிடுமாம். விஞ்ஞானிகளே முட்டை ஓட்டிலிருந்துதான் எலும்பு செய்கிறார்களாம். இரண்டு வீட்டில் ஆரம்பித்துவிட்டதாகவும் கேள்வி. செய்தியின் பின்பாதியில் உண்மை இருக்கிறது. முன்பாதி ஆபத்து.

நான் படித்தது பி.காம். வேலை பார்த்தது வங்கியில். எலும்பைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். என் மனைவிக்குப் பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு கரைந்துவிட்டது, செயற்கைப் பல் பொருத்துவதற்கு முன் "எலும்புப் பவுடர்" வைக்க வேண்டும் என்றார் பல் மருத்துவர். அவள் சுத்த சைவம். "இது எதிலிருந்து எடுத்தது டாக்டர்?" என்று கேட்டாள். அவர் பெட்டியைத் திருப்பிப் படித்துவிட்டு, "மாட்டு எலும்பும்மா" என்றார். அன்று வீட்டுக்குத் திரும்பி வந்து படிக்க ஆரம்பித்ததுதான் இது.

மிருகத்தின் எலும்பை மனிதனுக்கு வைப்பது பழைய கதை. 1668-இல் யோப் வான் மீகெரன் என்ற டச்சு அறுவை மருத்துவர் ஒரு ரஷ்யப் படைவீரனைப் பற்றி எழுதியிருக்கிறார். மண்டையோட்டில் அடிபட்ட அவனுக்கு நாயின் மண்டையோட்டுத் துண்டை வைத்து மூடினார்களாம். காயம் ஆறிவிட்டது. ஆனால் தேவாலயம் அவனை விலக்கி வைத்தது. அதை எடுத்துவிடுங்கள் என்று அவன் திரும்பி வந்தபோது, எடுக்க முடியாதபடி எலும்பு கூடியிருந்ததாம். என் மனைவிக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

எலும்பு எதனால் ஆனது என்று தெரிய இன்னும் நூறு வருடம் ஆயிற்று. 1770-ஐ ஒட்டி ஸ்வீடனில் யோஹான் காட்லீப் கான் என்பவர், எலும்பில் கால்சியம் பாஸ்பேட் இருப்பதைக் கண்டார். மருத்துவர்களுக்கு முன்னால் அதைப் பயன்படுத்திக்கொண்டவர்கள் பீங்கான்காரர்கள். இங்கிலாந்தில் ஜோசையா ஸ்போடின் பட்டறையில், கசாப்புக் கடைக் கழிவான மாட்டு எலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கி, களிமண்ணோடு சேர்த்து "போன் சைனா" செய்தார்கள். கலவையில் கிட்டத்தட்டப் பாதி எலும்புச் சாம்பல். நம்மில் பல பேர் வீட்டு ஷோகேஸில் இருக்கும் டீ செட்டின் பூர்வீகம் இதுதான்.

1892-இல் ஜெர்மனியில் டிரீஸ்மன் என்பவர், மாவுக்கட்டுப் போடுகிறோமே, அதே பாரிஸ் சாந்தை எலும்பில் விழுந்த குழிகளுக்குள் வைத்துப் பார்த்தார். 1920-இல் அமெரிக்காவின் ஆல்பீ, கால்சியம் பாஸ்பேட்டை முயலின் எலும்பில் வைத்தார். முறிவு சீக்கிரம் கூடியது. அதற்குப் பிறகு வெகுகாலம் உலோகமும் பிளாஸ்டிக்குமே கோலோச்சின.

1967-இல் திருப்பம் வந்தது, அதுவும் ஒரு பஸ்ஸில். புளோரிடா பல்கலைக்கழகத்தின் லாரி ஹென்ச், நியூயார்க் மாநிலத்தில் ஒரு ராணுவ மாநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். கதிர்வீச்சைத் தாங்கும் மின்னணுப் பொருள்கள் அவருடைய துறை. பக்கத்து இருக்கையில் வியட்நாமிலிருந்து திரும்பிய ஒரு கர்னல். வீரர்களுக்கு வைக்கும் உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடம்பு ஏற்க மறுக்கிறது, கைகாலை வெட்ட வேண்டியிருக்கிறது, கதிர்வீச்சைத் தாங்கும் பொருளைச் செய்கிற உம்மால் மனித உடம்பைத் தாங்கும் பொருளைச் செய்ய முடியாதா என்று அவர் கேட்டார். ஹென்ச் யோசித்தார். எலும்பில் இருப்பது கால்சியமும் பாஸ்பேட்டும். அவை கலந்த கண்ணாடியை வைத்தால் உடம்பு அதை அந்நியமாக நினைக்காதே!

1969-இல் அந்தக் கண்ணாடி தயாரானது. 45 சதவீதம் சிலிக்கா. சோடியம் ஆக்ஸைடும் சுண்ணாம்பும் தலா 24.5, பாஸ்பரஸ் ஆக்ஸைடு 6. எலியின் தொடை எலும்பில் வைத்த டாக்டர் டெட் கிரீன்லீ, ஆறு வாரம் கழித்து, அது எலும்பை விட்டு வரவே மாட்டேன் என்கிறது என்று ஹென்ச்சிடம் சொன்னார். உடம்பின் திரவம் பட்டதும் கண்ணாடியிலிருந்து சோடியம் வெளியேறுகிறது. மேலே சிலிக்கா கூழாகப் படிகிறது. அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து எலும்பின் தாதுவைப் போலவே படிகமாகிறது. எலும்புக்கு அது வேற்றுப்பொருளாகத் தெரிவதில்லை. பயோகிளாஸ் என்ற இந்தப் பொருளுக்கு 1985-இல், நடுக்காது எலும்புக்கு மாற்றாக, அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று பல் கூச்சத்துக்கான சில பற்பசைகளிலும் இருக்கிறது.

இதில் கழிவு எங்கே வருகிறது? 1974-இல் பென்சில்வேனியாவில் டெல்லா ராய் என்ற பெண் விஞ்ஞானி (சிமென்ட் ஆராய்ச்சியில் பெரிய பெயர், கணவர் ரஸ்தம் ராய் நம் ராஞ்சியில் பிறந்தவர்) பவளத்தின் கூட்டை எடுத்து, பாஸ்பேட் கரைசலில் போட்டு, கடும் அழுத்தத்தில் சூடாக்கினார். சுண்ணாம்புக் கூடு அப்படியே ஹைட்ராக்ஸிஅபடைட் ஆக, அதாவது எலும்பின் தாதுவாக, மாறியது. அதன் நுண்துளைகள் ஒன்றும் அழியவில்லை. எலும்புக்குள் ரத்தக்குழாய் வளர அந்தத் துளைகள்தான் வழி. சென்னையிலும் ஐ.ஐ.டி.யும் தோல் ஆராய்ச்சி நிலையமும் சம்பந்தப்பட்ட ஒரு குழு, இந்தியப் பவளத்திலிருந்து இதைச் செய்து 1996-இல் வெளியிட்டது.

ஆனால் பவளப்பாறை கழிவு இல்லை. மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகவே அதை வெட்டி எடுத்தார்கள். 2001-இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. மாட்டு எலும்புக்கு வேறு சிக்கல். பழைய எலும்புப் பசைக் கம்பெனியிலிருந்து வளர்ந்த ஒரு சுவிஸ் நிறுவனம் 1980-களில் மாட்டு எலும்புத் துகளைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்து, அது உலகெங்கும் பரவியிருந்தது. 1996-இல் மாட்டுப் பித்த நோய் மனிதருக்கும் தொற்றியிருக்கலாம் என்று பிரிட்டன் அறிவித்ததும், உயர் வெப்பத்தில் சுத்தம் செய்த துகள்தான் என்றாலும் மக்களுக்குத் தயக்கம் வந்தது. நம் நாட்டில் தயக்கத்துக்கு வேறு காரணமும் உண்டு.

அதனால் ஆய்வாளர்களின் கண் குப்பைத்தொட்டிப் பக்கம் போனது. மீன் முள், கணவாய் ஓடு, சிப்பி, முட்டை ஓடு எல்லாவற்றிலும் கால்சியம். நெல் உமியைச் சுட்டால் வரும் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. 2010 வாக்கில் ரூர்கேலா என்.ஐ.டி.யில் அதை வைத்தே ஹென்ச்சின் வழியில் கண்ணாடி செய்தார்கள். முட்டை ஓட்டை 2007-இல் எடுத்துக்கொண்டது சென்னை ஐ.ஐ.டி.யின் சம்பத் குமார் குழு.

எனக்குப் பிடித்த கணக்கு முட்டை ஓட்டில்தான் இருக்கிறது. ஓட்டில் சுமார் 94 சதவீதம் கால்சியம் கார்பனேட். 900 டிகிரியில் சுட்டால் 100 கிராம் கார்பனேட்டில் 44 கிராம் கரியமில வாயுவாகப் போய்விடும். மிச்சம் 56 கிராம் சுண்ணாம்பு. இதில் பாஸ்பாரிக் அமிலத்தை, 10 பங்கு கால்சியத்துக்கு 6 பங்கு பாஸ்பரஸ் என்ற விகிதத்தில் சேர்த்தால் கிடைக்கும் ஹைட்ராக்ஸிஅபடைட், 100 கிராமுக்குக் கொஞ்சம் மேல். போனது அத்தனையும் திரும்பிவிடுகிறது. லெட்ஜர் இப்படி டேலி ஆவதை நான் சர்வீஸில்கூட அதிகம் பார்த்ததில்லை. ஒரு முட்டையின் ஓடு 6 கிராம் என்றால் 5 கிராமுக்கு மேல் எலும்புத் தாது. பல் மருத்துவரிடம் வரும் குப்பியில் அரை கிராம்தான் இருக்கும், விலை ஆயிரக்கணக்கில்.

அப்படியானால் கொள்ளையா? நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். மூலப்பொருள் இலவசம் என்பதால் சரக்கும் இலவசமாகிவிடாது. மனித உடம்புக்குள் வைக்கும் ஹைட்ராக்ஸிஅபடைட்டில் ஈயம் 10 லட்சத்தில் 30 பங்கையும், ஆர்சனிக் 3 பங்கையும் தாண்டக்கூடாது என்பது சர்வதேச அளவுகோல். கோழி தின்ற தீவனத்தைப் பொறுத்து ஓடு மாறும். ஒவ்வொரு தொகுதியையும் சோதிக்க வேண்டும். பிறகு விலங்குகளிடம், பிறகு மனிதர்களிடம். செலவெல்லாம் அங்கேதான். முட்டை ஓட்டுத் தாதுவை மேல்தாடைக் குழிகளில் வைத்துப் பார்த்த குண்டூர் பல் மருத்துவர்கள் 2014-இல் வெளியிட்டதைக்கூட முதல்கட்ட அறிக்கை என்றுதான் சொன்னார்கள்.

இப்போது அந்த மோர். ஒரு ஸ்பூன், அதாவது 5 கிராம் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. நமக்கு ஒரு நாளைக்குத் தேவை 1 கிராம் அளவு. சாப்பாட்டில் வருவது வேறு. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். வேகாத ஓட்டில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். வயிற்றுக்குள் போனது, முறிந்த இடத்தைத் தேடிப் போய் உட்காராது. ஆய்வாளர்கள் 900 டிகிரியில் சுட்டு, வேறொரு பொருளாக மாற்றி, குழிக்குள் நேராக வைக்கிறார்கள். குழுவில் இதைச் சுருக்கமாகப் போட்டேன். ஒருவர் கட்டைவிரல் காட்டினார், இன்னொருவர் அதே செய்தியை மறுபடி அனுப்பினார்.

பல்லுக்கு எலும்புப் பவுடர் என்று சொன்னால், எதிலிருந்து எடுத்தது என்று தயங்காமல் கேளுங்கள். மாடு, பன்றி, இறந்தவர் தானம் செய்த எலும்பு, முழுக்க ரசாயன முறையில் செய்தது என்று பல வகை உண்டு. பெட்டியில் எழுதியிருக்கும். எங்கள் மருத்துவர் முகம் சுளிக்காமல் ரசாயன வகையை வரவழைத்துக் கொடுத்தார். ஆறு மாதம் ஆகிறது. எக்ஸ்ரேயில் அந்த இடம் மட்டும் இன்னும் கொஞ்சம் வெள்ளையாகத் தெரிகிறது; முழுவதும் கரைய வருடங்கள் ஆகுமாம். அடுத்த மாதம் பல் பொருத்துகிறார்கள்.