வம்சக் கணக்கை வைத்துப்போன பெரியவர்

நம் பங்கில் ஒரு குடும்பத்தின் வரலாற்றைக் கேட்டால் பாட்டனார் வரையில் தடையின்றி வரும். பாட்டனாரின் தகப்பனார் பெயர் என்ன, அவர் எந்த ஊரிலிருந்து காஞ்சிக்கு வந்தார், அவரது வீட்டில் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்றவர் யார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். தறி வைத்திருந்த வீடுகளில் பழைய முன்பணக் கணக்கு நோட்டுகூடக் கிடைத்துவிடும். வம்சத்தைப் பற்றிய ஒரு காகிதம் கிடைக்காது. ஜூபிலி ஆண்டில் இதைப்பற்றிச் சிறிது எழுதுவது பொருந்தும் என்று கருதுகிறோம்.

இத்தனைக்கும் நாம் வாழும் ஊர் வம்ச வரலாற்றைக் கல்லிலேயே வெட்டி வைத்த ஊர். வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரை நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்? பல்லவர் குலத்தின் கதை பிரம்மாவிலிருந்து தொடங்கி, கோயிலைக் கட்டிய இரண்டாம் நந்திவர்மன் வரையில் அங்கே வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. சுமார் 731-இல் மன்னன் வாரிசின்றி இறந்தபோது, கிளை வம்சத்தைச் சேர்ந்த இரணியவர்மனின் மகனைப் பன்னிரண்டு வயதில் அழைத்துவந்து முடிசூட்டினார்கள். அந்தச் சிறுவனே நந்திவர்மன். நேர்வாரிசு அல்லாதவன் என்பதாலேயே தன் குலவரிசையை ஊரறியச் சுவரில் எழுதவேண்டிய தேவை அவனுக்கு இருந்தது என்பது நம் எண்ணம்.

ஆனால் அது அரசன் செய்த காரியம். கல்லும் சிற்பியும் இல்லாத ஒரு குடும்பத் தலைவர் காகிதத்தையும் மையையும் கொண்டு செய்ததையே இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். அவர் புதுச்சேரி ஆனந்தரங்கம் பிள்ளை. 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். அவர் நம் மதத்தவர் அல்லர், வைணவ பக்தர். ஆயினும் நம் திருச்சபைச் சரித்திரத்தோடு அவரது வீட்டுச் சரித்திரம் மிக நெருக்கமாகப் பின்னிக் கிடக்கிறது.

அவருடைய தந்தை திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனர் நைனியப்ப பிள்ளை. பிரெஞ்சுக் கும்பினியின் தலைமைத் துபாஷாக இருந்தவர். அந்த உத்தியோகம் ஒரு கிறிஸ்தவருக்கே தரப்படவேண்டும் என்று சேசு சபைக் குருக்கள் நெடுநாள் வற்புறுத்தி வந்தார்கள். 1716-இல் ஆளுநர் ஏபேர் அவரைக் கைது செய்து, கசையடியும் சிறைவாசமும் விதித்து, சொத்தையும் பறிமுதல் செய்தார். மறு ஆண்டே நைனியப்பர் சிறையில் இறந்தார். குருக்களுக்கும் இதில் கை உண்டு என்று குடும்பத்தார் முறையிட்டனர். பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த குருக்களோ நைனியப்பரின் பக்கம் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

நைனியப்பரின் மகன் குருவப்பர் கப்பலேறி பிரான்சு சென்று நீதி கேட்டார். தந்தையின் மீதிருந்த தீர்ப்பு தள்ளப்பட்டது. பாரிஸில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். அரசப் பிரதிநிதியாக ஆண்டுகொண்டிருந்த ஓர்லேயான் பிரபுவே ஞானத்தந்தை. புனித மிக்கேல் விருதுடன் செவாலியேயாகத் திரும்பி, தந்தை இழந்த உத்தியோகத்தை ஏற்று, 1724-இல் இறந்தார். எந்த வேதத்தின் பெயரால் தந்தை வீழ்த்தப்பட்டாரோ அதே வேதத்தை மகன் தழுவினார். அவருடைய உள்ளத்தில் என்ன இருந்ததோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

இத்தகைய வீட்டில் வளர்ந்த ஆனந்தரங்கர் 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, 1761 ஜனவரியில் இறக்கும்வரை இருபத்தைந்து ஆண்டுகள் எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, பிறப்பு இறப்பு, துரைகளின் கோபதாபம் எல்லாம் அதில் உண்டு. அவருக்கு முன் தலைமைத் துபாஷாக இருந்தவர் கத்தோலிக்கரான கனகராய முதலியார். இறந்துபோன தம் மகன் வேலவேந்திரனின் நினைவாக உழவர்கரையில் அர்ச். அந்திரேயா ஆலயத்தை 1745-இல் கட்டியவர் அவரே. (அந்திரேயாவைத்தான் நம் முன்னோர் பெலவேந்திரர் என்றார்கள், மகனின் பெயருக்கும் ஆலயத்தின் பெயருக்கும் உள்ள உறவு இதில் விளங்கும்.) அந்த ஆலய விருந்துக்குச் சகல சாதியாரும் அழைக்கப்பட்டதையும், அவரவருக்குத் தனித்தனியே சமையல் நடந்ததையும் நமக்குச் சொல்லிவைத்திருப்பவர் ஆனந்தரங்கரே. நம்மவர் நடத்திய திருவிழாவை நம்மவர் எவரும் எழுதவில்லை!

1748-இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும், அதில் நம் குருக்களின் பங்கையும் அதே கை எழுதியிருக்கிறது. படிக்க நமக்கு வருத்தமாகவே இருக்கும். அதற்காக அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுத் திருவிழாப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்வது நியாயமாகாது.

எழுதியது பாதிப் பெருமை. காப்பாற்றியது மீதிப் பெருமை. அவர் இறந்த சில நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அந்த அமளியிலும் ஏடுகள் அழியவில்லை. தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை தொடர்ந்து எழுதினார். அவருக்குப் பின்வந்த ஒருவரும் 1790-களில் எழுதினார். 1846-இல் கலுவா மொம்பிரான் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தபோது அவை குடும்பத்தாரிடமே இருந்தன. 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’ நாவலைப் படித்தவர்கள் அந்தக் காலத்தை ஏற்கெனவே அறிவார்கள்.

நமக்கு அப்படியொரு பாட்டனார் வாய்க்கவில்லை என்று கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எழுதாத குடும்பங்களுக்காகத் திருச்சபை எழுதி வந்திருக்கிறது. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-இல் மெய்விவாகப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது. 1614-இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், மெய்விவாகம், மரணம், குடும்பவாரி ஆன்மாக்களின் கணக்கு என ஐந்து ஏடுகளைக் குறித்தது. 1908 முதல் ஒருவர் எந்த ஊரில் மணம் முடித்தாலும் அந்தச் செய்தி அவரது ஞானஸ்நான ஏட்டுக்குத் திரும்பி வருகிறது. ஏழை, பணக்காரன் என்று பாராமல் தாய் தகப்பன் பெயரும் ஞானப் பெற்றோர் பெயரும் ஒரே மாதிரி வரியில் ஏறும். தறிக்காரருக்கும் துபாஷுக்கும் ஒரே ஏடுதான்.

ஆகவே வீட்டுப் பெரியவர்களைப் பற்றித் தேட விரும்புகிறவர்கள் முதலில் அவர்கள் ஞானஸ்நானம் பெற்ற பங்கு எதுவென்று விசாரித்து, அந்தப் பங்குக் குருவை அணுகவேண்டும். செங்கற்பட்டு மறைமாவட்டம் தனியாகப் பிரிந்தது 2002-இல்தான். அதற்கு முற்பட்ட காரியங்களுக்குச் சென்னை மயிலை உயர்மறைமாவட்டத்திலும் கேட்கவேண்டி வரலாம். பழைய ஏடுகள் பெரும்பாலும் இலத்தீனில் இருக்கும். வீட்டில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் அங்கே பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேப்புஸ். அது தெரியாமல், ‘எங்கள் பாட்டனார் பெயர் இதில் இல்லை’ என்று ஏட்டை மூடிவிட்டுத் திரும்பிவிட வேண்டாம்.