ஜீவா நூலும் ஃபில்டர் குமிழும்: சிந்தசைசர் ஒலி வடிப்பின் இந்திய வரலாறு

திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா நாட்களிலும், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு பக்கத்துக் கிராமத் திருவிழாக்களிலும் பாட்டுக் கச்சேரி மேடைகளைப் பார்க்கிறோம். அங்கே கீபோர்டு வாசிப்பவர்தான் நாதஸ்வரம், மகுடி, வயலின் கூட்டம் எல்லாமே. சுரத்தை விரல் பார்த்துக்கொள்ளும். அந்தச் சுரம் எந்தக் குரலில் பேச வேண்டும் என்பதில் கருவிக்குள் ஒலியை வடிக்கும் ஃபில்டருக்குப் பெரும்பங்கு உண்டு. ராகத்தையும் தாளத்தையும் விரிவாகப் பேசிய நம் திரையிசை ஆய்வுகள் இந்த ஒலி நிறத்தின் பக்கம் அதிகம் திரும்பவில்லை.

எந்தச் சுரத்தோடும் அதன் மேல்தொனிகள் சேர்ந்தே ஒலிக்கும். அவற்றில் எவை உரக்க, எவை மெல்ல என்பதே கருவிக்குக் கருவி நிறத்தை வேறாக்குகிறது. இதைக் கையால் ஆளும் கலை நமக்குப் புதிதல்ல. தம்பூராவின் வளைந்த குதிரையில் நூலை மயிரிழை நகர்த்தி ஜீவா சேர்க்கும்போது மேல்தொனிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து ஒளிர்கின்றன. தந்தியை ஒரு தொனியின் கணுவில் மீட்டினால் அந்தத் தொனி எழக்கூடாது என்பது பழைய விதி. தம்பூராவும் வீணையும் அதை மீறுவதை 1921-இல் சி.வி.ராமன் எழுதிக் காட்டினார். ஜீவா நூல் ஃபில்டர் அல்ல. அது மேல்தொனிகளைத் தூண்டுகிறது, ஃபில்டர் கழிக்கிறது. ஆனால் காது கேட்டுக் கை திருத்தும் வேலை இரண்டிலும் ஒன்றே.

ஒலி நிறத்தை ஆளும் இந்தக் கலை நம் மின்னிசையில் பெற்ற ஒரு பெரிய வெற்றி 1954-இல் வந்த ‘நாகின்’ இந்திப் படம். ஹேமந்த் குமார் இசையமைத்த அப்படத்தில் மகுடியாக நாம் கேட்பது கிளாவியோலின். பிரான்சில் கான்ஸ்டன்ட் மார்ட்டின் 1947-இல் உருவாக்கிய கருவி, வாசித்தவர் கல்யாண்ஜி. மேல்தொனிகள் நிறைந்த மின் அலையைச் சிறு பொத்தான்களின் வழியே வடித்து நிறம் மாற்றுவது அதன் முறை. ஆனால் அந்த வடிப்பு நிலையானது. பொத்தானைத் தேர்ந்தெடுக்கலாம், சுரம் ஒலிக்கும்போதே வடிப்பை மெல்ல நகர்த்த முடியாது.

அந்தத் தடையை உடைத்தவர் அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக். அவருடைய ஏணி வடிவ டிரான்சிஸ்டர் ஃபில்டருக்கு 1969 அக்டோபர் 28 அன்று அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. வெட்டெல்லைக்கு (கட்-ஆஃப்) மேலுள்ள தொனிகளை ஸ்தாயிக்கு 24 டெசிபல் வீதம் அது தாழ்த்தும். அந்த எல்லையை மின்னழுத்தத்தாலேயே நகர்த்தலாம் என்பதுதான் புதுமை. ரெசனன்ஸைக் கூட்டினால் எல்லையருகே உள்ள தொனி மட்டும் கூர்மையாகத் துருத்தி நிற்கும்.

அதே 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் கருவியை நிறுவினார். இதற்குக் காரணமானவர் கீதா சாராபாய். 1946-இல் நியூயார்க்கில் இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு இந்திய இசை பயிற்றுவித்தவர். அகமதாபாத்தில் கீதாவும் ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் உருவாக்கிய ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் வெளியுலகம் அறியாமல் கிடந்தன. ஆய்வாளர் பால் பர்கஸ் அவற்றைக் கண்டெடுத்தார். 2023-இல்தான் தொகுப்பாக வெளிவந்தன.

அடுத்த திருப்பம் மும்பையில். 1982-இல் இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அதற்கு முந்தைய ஆண்டு ரோலண்ட் வெளியிட்ட டிபி-303 அவர் கையில் இருந்தது. கட்-ஆஃப், ரெசனன்ஸ் என அதன் முகப்பிலேயே தனித்தனிக் குமிழ்கள். பூபாளி என்று அவர் வாசித்தது நம் மோகனம். மால்கௌன்ஸ் நம் ஹிந்தோளம். ஆரோகண அவரோகணம் மாறவில்லை; குரல்தான் முற்றிலும் வேறு. சிகாகோவின் ‘ஆசிட்’ இசை இதே கருவியால் புகழ்பெற்றது 1987-இல். இந்தியாவில் அன்று இந்தத் தட்டைக் கேட்டவர் சிலரே.

தமிழில் கதை வேறு வழி போனது. 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-இல் ஃபில்டரே கிடையாது. ஒரு அலையால் இன்னொன்றை அதிரவைத்து நிறம் உண்டாக்கும் கருவி அது. குமிழ் வரிசையும் இல்லை. 1986-இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினி வழிக் கோத்த சிந்தசைசர் இசையைக் கொண்டுவந்தபோது உலகெங்கும் இந்த வகை ஒலியே கோலோச்சியது. 1987-இன் ரோலண்ட் டி-50-இல் ஃபில்டர் திரும்பியது, ஆனால் மெனுவுக்குள், குமிழ்கள் வேண்டுமென்றால் தனிப் பெட்டி வாங்க வேண்டும். 1988-இன் கோர்க் எம்1-இல் ரெசனன்ஸ் இல்லை. நம் மேடைக் கலைஞர் வாசிக்கத் தொடங்கிய கீபோர்டுகள் இந்த மரபில் வந்தவை. எண்ணைத் தட்டினால் ஆயத்தக் குரல் வரும். கை குமிழை விட்டு விலகியதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

பின்னர் கட்-ஆஃப், ரெசனன்ஸ் குமிழ்கள் மேடைக் கருவிகளுக்கே மீண்டு வந்தன. கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மிடி வழியில் 74, 71 ஆகிய எண்கள் அவற்றுக்கு வழங்குகின்றன. நாதஸ்வரக் குரலை எடுப்பவர் இழுப்பின் உச்சியில் கட்-ஆஃபைச் சற்றே திறந்தால், சீவாளியை உதடு அழுத்தும் பிரகாசத்தை ஓரளவு நெருங்கலாம்.

அப்படித் திருத்திய குரல்களைத் தேடிப் பதிவு செய்யும் வேலை இன்னும் மீதி இருக்கிறது. அகமதாபாத் நாடாக்கள் பிழைத்தது யாரோ அவற்றை எறியாமல் வைத்திருந்ததால். திண்டுக்கல் வட்டாரக் கச்சேரிக் குழுவினரும் பழைய கீபோர்டுகளையும், தாங்கள் திருத்திய குரல்களைச் சேமித்த பிளாப்பிகளையும் காயலான் கடையில் போட்டுவிட வேண்டாம். அவற்றை வாசித்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வோம்.