இறுதியாட்டத்திற்கு முந்திய மூன்று நாள்கள்

வரலாறு எழுதுவோரிடம் ஒரு பழக்கம் உண்டு. முடிவைத் தெரிந்துகொண்டு தொடக்கத்தை நோக்குவர். வென்றவன் வெல்லவே பிறந்தான் என்பது போலவும், தோற்றவன் தோல்வியை நோக்கியே நடந்தான் என்பது போலவும் ஏடுகள் பேசும். 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் கல்கத்தாவில் நடைபெற்ற கால்பந்து இறுதியாட்டமும் அவ்வாறே எழுதப்பட்டு வந்திருக்கிறது. மோகன் பகான் கழகம் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்னும் கோல் கணக்கில் வென்றது; இந்தியர் கழகம் ஒன்று இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் கேடயத்தை முதன்முதலாகக் கைப்பற்றியது. இவ்வளவே பலருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அன்று மாலை திடலைச் சூழ்ந்து நின்ற பல்லாயிரம் பேருக்கு இந்தச் செய்தி தெரியாது. தெரியாமலே அவர்கள் வந்தார்கள். கேடயத்தைக் காட்டிலும் அந்த வருகையே வரலாற்று மாணவன் கருதத்தக்கது என்பது என் எண்ணம்.

அந்தக் கேடயப் போட்டி 1893ஆம் ஆண்டு தொடங்கியது. அன்று முதல் 1910 வரை அதனை வென்றவை ஆங்கிலேயப் படைப்பிரிவுகள்; அல்லது ஐரோப்பியர் கழகங்கள். 1889ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் தோன்றிய மோகன் பகான், சிறு கோப்பைகள் சிலவற்றை வென்று பெயர் பெற்றிருந்தது. 1906 முதல் 1908 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வணிகர் கோப்பையை அது வென்றது. எனினும் கல்கத்தா லீக் போட்டியில் இந்தியர் கழகங்களுக்கு அந்நாளில் இடமே இல்லை. கேடயப் போட்டி ஒன்றே, நகரின் தலைசிறந்த வெள்ளையர் அணிகளை அவர்கள் நேருக்கு நேர் காணக் கிடைத்த பெரிய களம்.

களத்திற்கு வெளியே வேறொரு கணக்கும் தீர்க்கப்படாமல் கிடந்தது. வங்காளியர் உடல் வலிமையற்றவர், ஆண்மை குன்றியவர் என்னும் இகழுரை ஆட்சியாளரிடையே நெடுநாள் வழங்கி வந்தது. மெக்காலே, வாரன் ஹேஸ்டிங்ஸைப் பற்றிய தம் கட்டுரையில் அதனை அழகிய ஆங்கிலத்தில் எழுதியும் வைத்துவிட்டார். அழகாக எழுதப்பட்ட பொய்க்கு ஆயுள் அதிகம். அதற்கு மறுமொழி தேடியவர்கள் உடற்பயிற்சிக் கூடங்களை நிறுவினர், பந்தையும் உதைத்தனர். 1897இல் சென்னையில் சொற்பொழிவாற்றிய விவேகானந்தர், இளைஞர்கள் கீதையைப் படிப்பதைவிடக் கால்பந்து ஆடுவதால் விண்ணுலகிற்கு அருகில் செல்வர் என்னும் கருத்தைச் சொன்னார். அதைக் கேட்டவர்கள் நம்மவர்கள். செயலில் காட்டும் வாய்ப்பு கங்கைக் கரையினருக்குக் கிட்டியது.

1905ஆம் ஆண்டு கர்சன் பிரபுவின் ஆட்சி வங்காளத்தைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரித்தது. சுதேசி இயக்கம் எழுந்தது, அயல்நாட்டுத் துணி தீக்கிரையாயிற்று, சிறைகள் நிரம்பின. 1911இல் பிரிவினை இன்னும் நீங்கவில்லை. அந்நிலையில் மோகன் பகான் அணியில் ஆடியவர்களுள் பெரும்பாலோர் கிழக்கு வங்காளத்தில் வேர் கொண்டவர்கள். அவர்கள் ஆடிய கழகமோ கல்கத்தாவினது. நிலப்படத்தில் கோடு போட்டுப் பிரிக்கப்பட்ட இரு பகுதியினரும் தம்மவர் எனச் சொல்லிக்கொள்ளத்தக்க பதினொருவர் கிடைத்துவிட்டனர். கூட்டம் திரண்டதன் காரணத்தை இங்கேதான் தேடவேண்டும்.

அவ்வாண்டுப் போட்டியில் செயின்ட் சேவியர் கல்லூரி, ரேஞ்சர்ஸ் கழகம், ரைபிள் பிரிகேட் ஆகியவற்றை மோகன் பகான் அடுத்தடுத்து வென்றது. அரையிறுதியில் எதிர்ப்பட்டது மிடில்செக்ஸ் படைப்பிரிவு. ஜூலை 24இல் நடந்த ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது. 26ஆம் நாள் மீண்டும் ஆடி, 3-0 எனத் தெளிவாக வென்றனர். இறுதியாட்டம் 29ஆம் நாள், சனிக்கிழமை. இடையில் இருந்தவை மூன்று நாள்களே.

அந்த மூன்று நாள்களில் ஒரு கழகத்தின் ஆட்டம் ஒரு நாட்டின் ஆட்டமாக மாறியது. கிழக்கிந்திய இரயில்வே தனி வண்டி விட்டது. ஆற்றில் கூடுதலாக நீராவிப் படகுகள் ஓடின. டாக்கா, பாட்னா, அசாம் எனத் தொலைவிடங்களிலிருந்தும் மக்கள் வந்தனர். இரண்டு ரூபாய் நுழைவுச்சீட்டு பதினைந்து ரூபாய்க்கு விலைபோனது என்பர்; ஓர் எளிய குடும்பம் பல நாள் உண்டு வாழப் போதிய தொகை அது. திரண்டவர்கள் அறுபதாயிரம் முதல் எண்பதாயிரம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுவர். இலட்சம் என்போரும் உண்டு. படிகள் அமைந்த அரங்கம் எதுவும் அன்றில்லை. பின்வரிசையில் நின்றவர்கள் மரப்பெட்டிகளின் மேல் ஏறி எட்டிப் பார்த்தனர். மரக்கிளைகளிலும் ஆட்கள் தொற்றி நின்றனர். எதுவும் காண இயலாதவர்களுக்காகக் காற்றாடிகள் ஏற்பாடாயின. கோல் விழுந்தால் கணக்கை எழுதி வானில் பறக்கவிட வேண்டும் என்பது திட்டம். வெற்றியை அறிவிக்க மட்டுமன்று, தோல்வியை அறிவிக்கவும் அதே காற்றாடிகள்தாம் ஏறியாக வேண்டும். அதையும் அறிந்தேதான் நூலைச் சுற்றி வைத்திருந்தார்கள்.

வெல்வோம் என்று நம்ப அவர்களுக்கு வலுவான காரணம் இல்லை. எதிரே நின்றவர்கள் பயிற்சி பெற்ற படைவீரர்கள், காலணி அணிந்தவர்கள். மோகன் பகான் வீரர்களுள் சுதிர் சாட்டர்ஜி ஒருவர் தவிர ஏனைய பதின்மரும் வெறுங்காலினர். பதினெட்டு ஆண்டு வரலாறும் படைவீரர் பக்கமே பேசியது.

ஆட்டத்தின் கதை நீண்டதன்று. முதற்கோலை அடித்தவர் படைப்பிரிவின் ஜாக்சன். காற்றாடிகள் அச்செய்தியையும் ஏந்திச் சென்றன. பின்னர் அணித்தலைவர் சிப்தாஸ் பாதுரி சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். அன்றிரவு நகரம் உறங்கவில்லை. அணியில் இருந்தவர்கள் இந்துக்களும் கிறித்துவர் ஒருவரும். ஆயினும் முஸ்லிம் விளையாட்டுக் கழகத்தினர் மகிழ்ச்சியால் நிலத்தில் புரண்டனர் என ‘முசல்மான்’ இதழ் எழுதியது. இச்சான்றை நான் பெரிதும் மதிக்கிறேன். பிற்காலத்தில் அந்த மண்ணில் நிகழ்ந்தவற்றை அறிந்தவர்கள் இதனை எளிதில் கடந்து செல்லார்.

இனி, ஆசிரியர்கள் எச்சரிக்கையுடன் கையாள வேண்டியவை இரண்டு உள. இந்த வெற்றியைக் கண்டு அஞ்சியே ஆங்கில அரசு 1911 டிசம்பர் 12இல் டில்லி தர்பாரில் பிரிவினையை நீக்கியது. தலைநகரையும் டில்லிக்கு மாற்றியது என்பர் சிலர். அவ்விரு கருத்துகளும் அரசின் உள்வட்டத்தில் அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே எழுதி ஆராயப்பட்டன. அப்போது கேடயப் போட்டி தொடங்கவே இல்லை. மற்றொன்று கோட்டைக் கொடியின் கதை. ஆட்டம் முடிந்ததும் ஒருவர் வில்லியம் கோட்டையின் மேல் பறந்த ஆங்கிலக் கொடியைச் சுட்டி, அது என்று இறங்கும் என்று கேட்டாராம். மோகன் பகான் மறுமுறை கேடயம் வெல்லும்போது என்று விடை கிடைத்ததாம். மறுமுறை வென்றது 1947இல்! இத்துணைப் பொருத்தமாக அமைந்த முன்னறிவிப்பு, நிகழ்ச்சிக்குப் பின் பிறந்திருக்கவே வாய்ப்பு மிகுதி. கதையாகச் சொல்லலாம், சான்றாகக் காட்டலாகாது.

உண்மையில் நடந்தது இவற்றைவிடச் சிறியது. கேடயம் வென்ற பின்னரும் மோகன் பகானுக்கு லீக்கின் கதவு உடனே திறக்கவில்லை. 1914இல்தான் இரண்டாம் பிரிவில் இடம் கிடைத்தது. முதற்பிரிவில் ஆட மேலும் ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது.