மணிவிழாவும் மணநாள் பொன்விழாவும்: தமிழர் இல்லங்களில் இருவகைக் காலக்கணக்கு

ஆய்வுச் சுருக்கம்

முதிய பெற்றோருக்குப் பிள்ளைகள் எடுக்கும் விழா தமிழ்நாட்டில் இரண்டு வடிவங்களில் நிகழ்கிறது. ஒன்று கணவனின் அகவையைக் கணக்கிடும் மணிவிழா. மற்றொன்று மணநாளிலிருந்து ஆண்டுகளை எண்ணும் வெள்ளிவிழா, பொன்விழா. இவ்விரண்டும் வெவ்வேறு வரலாற்று ஊற்றுகளிலிருந்து வந்தவை. எந்தக் கணக்கைத் தெரிந்தெடுக்கிறோம் என்பது யாருடைய காலத்தைக் கொண்டாடுகிறோம் என்பதையும் முடிவு செய்கிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மணிவிழா, சதாபிஷேகம், பொன்விழா, மணநாள், காலக்கணக்கு, கைம்மை.

முன்னுரை

பெற்றோரின் விழாவுக்கு நாள் குறிக்க முனையும் குடும்பத்தின் முன் முதலில் எழும் வினா, எந்த நாள் என்பதே. தந்தையின் பிறந்த மாதமும் நட்சத்திரமும் கூடும் நாளா, அல்லது இருவரும் மணம் புரிந்த தேதியா? இன்று பல குடும்பங்கள் இரண்டையும் ஒன்றெனவே கருதுகின்றன. மணநாள் பொன்விழாவில் தாலி அணிவிக்கின்றனர். மணிவிழாவை அறுபதாம் கல்யாணம் என்றழைக்கின்றனர். இக்கலப்பின் பின்னுள்ள வரலாற்றைப் பிரித்தறிவது தேவையாகிறது.

அகவைக் கணக்கின் அடிப்படை

பிரபவ முதல் அட்சய ஈறாக உள்ள அறுபதாண்டுச் சுழற்சியே மணிவிழாவின் அடித்தளம். வியாழன் ஏறத்தாழ 12 ஆண்டுகளிலும் சனி ஏறத்தாழ 30 ஆண்டுகளிலும் ஒரு சுற்றை முடிப்பதால், 60 ஆண்டுகளில் இரண்டும் தொடங்கிய இடத்தை ஒட்டி மீள்கின்றன. பிறந்தபோது நிலவிய ஆண்டின் பெயரும் மாதமும் நட்சத்திரமும் மீண்டும் ஒன்றுகூடும் நாளில் ஒருவர் புதிதாகப் பிறந்தவராகக் கருதப்படுகிறார். சஷ்டியப்தபூர்த்தி என்னும் சொல்லுக்கு அறுபதாண்டு நிறைவு என்பதே பொருள். அச்சொல்லில் திருமணத்தைக் குறிக்கும் கூறு எதுவும் இல்லை.

அறுபதாம் ஆண்டின் தொடக்கத்தில் உக்ரரத சாந்தி, எழுபதை ஒட்டிப் பீமரத சாந்தி, எண்பதைக் கடந்து சதாபிஷேகம் என இவ்வரிசை நீள்கிறது. சதாபிஷேகத்தின் அளவுகோல் ஆயிரம் முழுநிலவுகள். நிலவின் ஒரு சுற்று ஏறத்தாழ 29.53 நாள்களாதலின் ஆயிரம் சுற்றுக்கு 80 ஆண்டுகளும் ஏறத்தாழ 10 மாதங்களும் ஆகின்றன. சாந்தி என்ற பெயரே இவை ஆயுள் கண்டங்களைத் தணிக்கும் சடங்குகள் என்பதை உணர்த்தும். எமனிடமிருந்து மார்க்கண்டேயன் மீட்கப்பட்ட தலமாகிய திருக்கடவூர், இன்றைய திருக்கடையூர், இச்சடங்குகளுக்குரிய முதன்மை இடமானது இப்பின்னணியில்தான். அட்ட வீரட்டங்களுள் ஒன்றான அத்தலத்தின் தொன்மம் திருமணத்தைப் பற்றியதன்று; பதினாறு வயதோடு முடியவிருந்த ஓர் உயிரைப் பற்றியது.

தாலி பூட்டுதல் இச்சாந்தியோடு இணைந்தது வட்டார வழக்கால் ஆகும். கிருஹ்ய சூத்திரங்களின் திருமணப் பகுதிகளில் தாலி இடம்பெறவில்லை என்பது அறிஞர் ஏற்கும் செய்தி. ஆகவே ஆயுளுக்கான சடங்கின்மேல் மணச்சடங்கு ஏற்றப்பட்டது எனக் கொள்வதே பொருந்தும். கணவனின் ஆயுள் நீளும்போது மனைவியின் மங்கலமும் நீள்கிறது என்னும் கருத்தே இவ்விரண்டையும் இணைக்கும் கண்ணி.

மணநாள் நினைவின் தன்மை

பழந்தமிழ் இலக்கியம் திருமணத்துக்குரிய காலத்தை நுட்பமாகச் சுட்டுகிறது. அகநானூற்றின் 136ஆம் பாடலும் சிலப்பதிகாரத்தின் மங்கல வாழ்த்துப் பாடலும் திங்கள் உரோகிணியோடு கூடிய வேளையைக் குறிக்கின்றன. இது தொடங்குவதற்குரிய நல்ல பொழுது. ஆண்டுதோறும் திரும்பி வந்து எண்ணப்படும் தேதி அன்று. சிலப்பதிகாரம் கண்ணகிக்குப் பன்னிரண்டு, கோவலனுக்குப் பதினாறு என அகவையை எண்ணுகிறது. மணவாழ்வின் ஆண்டுகளை நாள்வைத்து எண்ணும் வழக்கம் அங்கு இல்லை.

மணத்தேதி எழுத்தில் நிலைபெறுவதற்குப் பதிவேடுகள் துணைநின்றன. தேவாலயத் திருமணப் பதிவேடுகளும் 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டமும் கிறித்தவக் குடும்பங்களுக்கு ஐயமற்ற தேதியை அளித்தன. சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பளித்த 1967ஆம் ஆண்டின் திருத்தமும், எல்லாத் திருமணங்களையும் பதிவுசெய்யப் பணித்த 2009ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் அத்தேதியை ஆவணமாக்கின. அச்சிட்ட அழைப்பிதழும் இதே பணியைச் செய்தது.

உலோகங்களின் வரிசை

திருமணத்தின் 25ஆம் ஆண்டை வெள்ளியோடும் 50ஆம் ஆண்டைப் பொன்னோடும் இணைக்கும் வழக்கம் ஜெர்மானிய நாடுகளில் வேரூன்றி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பரவியது. ஜெர்மன் பேரரசர் முதலாம் வில்லியம் 1879இல் தம் பொன்மணவிழாவைக் கொண்டாடினார். 1863இல் மணம் புரிந்த வேல்ஸ் இளவரசரின் வெள்ளிமணவிழா 1888இல் நிகழ்ந்தது.

தமிழ்நாட்டில் இச்சொற்கள் முதலில் பரவலானது ஆட்சியாண்டு விழாக்கள் வழியாக ஆகலாம். விக்டோரியா அரசியின் பொன்விழா 1887இலும் வைரவிழா 1897இலும், ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழா 1935இலும் நடைபெற்றன. ஆங்கில மரபில் வைரம் முதலில் 75ஆம் ஆண்டுக்குரியதாக இருந்தது. 1897க்குப் பின் 60ஆம் ஆண்டோடு அது உறுதிப்பட்டது. தமிழில் 60ஆம் ஆண்டுக்கு வைரவிழா, மணிவிழா என இரு பெயர்கள் வழங்குவதும், 75ஆம் ஆண்டுக்குப் பவளவிழா என்ற பெயர் நிலைத்ததும் இவ்வரலாற்றோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கவை.

அகவை விழாக்கள் அதே காலத்தில் பொதுவெளிக்கும் வந்தன. உ. வே. சாமிநாதையரின் சதாபிஷேக விழா 1935இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. அறிஞர்களுக்கு மணிவிழா மலர் வெளியிடும் மரபும் வேரூன்றியது. இங்கும் எண்ணப்பட்டது ஒருவரின் ஆயுளும் பணியுமே. இணையரின் கூட்டு வாழ்வு அன்று.

இரு கணக்குகளின் விளைவு

இருபது வயதில் மணம் புரிந்த ஒருவர் பொன்விழாக் காண எழுபது வரை வாழவேண்டும். மனைவியும் உடன் வாழவேண்டும். 1941-51 பத்தாண்டில் இந்தியாவில் பிறப்பின்போதான சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். குழந்தை இறப்பு மிகுதியே இவ்வெண்ணைத் தாழ்த்தியது என்றாலும், இருவரும் ஐம்பதாண்டு இணைந்து வாழ்தல் அரிதாகவே இருந்திருக்கும். அந்நிலையில் அறுபது என்பது எட்டக்கூடிய எல்லை. இன்று முப்பதில் மணப்பவருக்குப் பொன்விழா எண்பதில் வருகிறது. அதாவது சதாபிஷேகத்தை ஒட்டி அமைகிறது. தொலைவிலிருந்த இரு விழாக்கள் ஒன்றையொன்று நெருங்கியதும் அவற்றின் சடங்குகள் கலந்தமைக்கு ஒரு காரணம் ஆகலாம்.

ஆயினும் அடிப்படை வேறுபாடு நீடிக்கிறது. மணிவிழாவில் மனைவிக்கு ஐம்பது வயதாயினும் ஐம்பத்தெட்டாயினும் அது கணக்கில் வருவதில்லை. அவளுக்கு அறுபது நிறையும் நாளுக்கு மரபில் இணையான விழா இல்லை. கணவன் ஐம்பத்தொன்பதில் மறைந்தால் நாற்பதாண்டு இல்லறத்துக்கு எந்த நிறைவுக் குறியும் இல்லாமற் போகிறது. மேலும், மங்கல நிகழ்வுகளில் கைம்பெண்களை ஒதுக்கிய வழக்கத்தால், பிள்ளைகள் சிலரை வளர்த்து ஆளாக்கிய அத்தையோ பெரியம்மாவோ அவ்விழா மேடைக்கு வராமல் பின்வரிசையில் அமர நேர்ந்தது. மணநாள் கணக்கு இணையர் இருவருக்கும் சமமாக உரியது. அதில் ஒருவரின் ஆண்டு மற்றவரின் ஆண்டாகவும் ஆகிறது. எனினும் அதுவும் இருவரும் உயிரோடிருப்பதை வேண்டுவது. துணையிழந்தோரின் இல்லறத்தை அதுவும் எண்ணுவதில்லை.

இவ்விரண்டுக்கும் பொதுவான சிறப்பொன்று உண்டு. முதல் திருமணத்தைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு நடத்தினர். இதைப் பிள்ளைகள் பெற்றோருக்கு நடத்துகின்றனர். அழைப்பிதழில் அழைப்பவரும் அழைக்கப்பெறும் மணமக்களும் இடம் மாறுகின்றனர். கன்னிகாதானம் செய்வோர் எவரும் இன்றி நிகழும் மணம் இது. எனவே பழைய வழக்கில் எதைக் கொள்வது, எதைத் தவிர்ப்பது என முடிவுசெய்யும் உரிமை இங்குப் பிள்ளைகளின் கையில் இருக்கிறது.

முடிவுரை

மணிவிழா ஆயுளைப் போற்றும் சடங்கு. மணநாள் பொன்விழா உறவைப் போற்றும் கொண்டாட்டம். முன்னது சுழலும் காலத்தையும் பின்னது பதிவேட்டின் நேர்க்கோட்டுக் காலத்தையும் சார்ந்தவை. இரண்டையும் ஒன்றாக்கும் இன்றைய வழக்கைப் பிழை எனல் பொருந்தாது. ஆயுட்சாந்தியோடு தாலியை இணைத்த முன்னோரும் அத்தகைய கலப்பையே செய்தனர். ஆனால் கலக்கும்போது மனைவியின் அகவைக்கும் துணையிழந்த உறவினர்க்கும் இடமளிக்கும் வாய்ப்பு உருவாகிறது. அவ்வாய்ப்பு எவ்வாறு பயன்படுத்தப்படுகிறது என்பதை வீட்டு அழைப்பிதழ்களையும் விழா மலர்களையும் சான்றாகக் கொண்டு ஆராய்வது, தமிழ்க் குடும்ப வரலாற்றெழுதியலுக்கு வலுச்சேர்க்கும்.