வன்னிக் குளங்களும் பெருமீன்களும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆங்கிலத்தில் மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிக்கும் நெல்லுக்கு நீர் பாய்ச்சும் குளத்துக்கும் 'டாங்க்' என ஒரே சொல் வழங்குகின்றது. வன்னியைப் பொறுத்தவரை இவ்வொற்றுமை பொருளற்றதன்று. பெரிய மீனைத் தொட்டியில் வளர்ப்போன் நீரின் ஆழம், வெப்பம், அதிற் கரைந்துள்ள ஒட்சிசன், கழிவினாற் சேரும் அமோனியா ஆகியவற்றை ஓயாது கவனித்தல் வேண்டும். குளத்து மீனின் வாழ்வைத் தீர்மானிப்பனவும் இவையே. ஆயினும் நம் குளங்களின் வரலாறு பெரும்பாலும் நெல்லின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது.

இலங்கையின் உள்நாட்டிற் பெரிய இயற்கை ஏரிகள் இல்லை. ஆதலால் மனிதன் கட்டிய குளங்களிற் குடியேறியவை ஆற்று மீன்களும் சேற்று மீன்களுமாம். இவற்றுள் விராலும் பனையேறிக் கெண்டையும் நீருக்கு மேலுள்ள வளியையும் சுவாசிக்க வல்லவை. மாரியில் வான் பாய்ந்து கோடையில் வற்றும் குளத்துக்கு இதனினும் பொருத்தமான உடலமைப்பு வேறில்லை. 1859இல் வெளியான தம் இலங்கை நூலில் எமர்சன் டெனன்ற், திருகோணமலை அரசாங்க அதிபர் மொரிஸ் கண்ட காட்சியொன்றைப் பதிவு செய்துள்ளார். வற்றிய குளமொன்றின் எஞ்சிய பள்ளத்திலிருந்து, மழை தொடங்கியதும், உடல் மூழ்காத சிற்றோடை நீரில் மீன்கள் புல்லினூடே மேட்டை நோக்கி ஏறினவாம். வன்னியார் இதைக் கேட்டு வியப்படையார்.

பிற மீன்களுக்கு இவ்வசதி இல்லை. 20 பாகை சென்டிகிரேட் வெப்பமுள்ள நன்னீர் லீற்றருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் அது 7.5 ஆகக் குறையும். நீர் சுருங்கி மீன்கள் நெருங்கும்போது அவ்வளவும் கிட்டாது. விடியற்பொழுதே மிகக் கொடிய வேளை. அக்காலத்தில் மீனைக் காப்பது ஆழமான மடு ஒன்றே. இரணைமடு என்னும் பெயரே இரு மடுக்களைச் சுட்டுவது. கனகராயன் ஆற்றை மறித்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு அமைக்கப்பட்ட பெருங்குளமும், 1950களிற் புனரமைக்கப்பட்ட பண்டைய வவுனிக்குளமும் வயலுக்காகவே திட்டமிடப்பட்டவை.

மீனுக்கென அரசு செய்த பெரு முயற்சி 1952இல் மொசாம்பிக் திலாப்பியாவைக் கொணர்ந்தமையாகும். தேங்கிய நீரிலேயே பெருகும் இம்மீன் ஏழையின் உணவாயிற்று. ஆனால் ஆழமற்ற நெருக்கத்தில் வளராது, சிறிய உருவத்திலேயே குஞ்சு பொரிக்கும். பின்னர் வந்த கட்லா, றோகு முதலிய இந்தியப் பெருங்கெண்டைகள் மாறானவை: விரைவிற் பருக்கும், குளத்திற் குஞ்சிடா. ஓடும் வெள்ளமே அவற்றுக்கு வேண்டும். 1957இல் ஒரிசாவின் அங்குல் என்னுமிடத்தில் ஹிராலால் சௌதுரி கபச்சுரப்பிச் சாற்றை ஊசி மூலம் ஏற்றி அவற்றை முட்டையிடச் செய்தமை இதனாலேயே பெருஞ்சாதனையாயிற்று. அன்று தொட்டு, பெருங்கெண்டை வளர்க்கும் குளம் குஞ்சு வளர்க்கும் நிலையத்தை நம்பியே வாழ்கின்றது.

அந்நம்பிக்கை 1990இல் முறிந்தது. உயிர்க்கொலை பற்றிய சமய ஆட்சேபங்களை அடுத்து அரசாங்கம் உள்நாட்டு மீன்வளர்ப்புக்கான உதவியை நிறுத்தியது. 1994இல் அது மீண்டது. 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையும் தோன்றியது. ஆனால் 1990 ஜூனில் மீண்டும் மூண்ட போர் 2009 வரை வன்னியை விட்டகலவில்லை. தெற்கின் குளங்களுக்கு நான்காண்டு இடையீடு. நமக்கோ ஒரு தலைமுறை.

போரின் பின் குஞ்சுகள் விடப்படுகின்றன. நீர் பற்றிய கேள்வி மட்டும் பழையபடியே நிற்கின்றது. சிறுபோகத்தின் இறுதியில் உழவன் கடைசி நீரைக் கேட்கிறான். அவன் கோரிக்கை நியாயமானதே. நன்னீர் மீன்பிடியாளனுக்கு அந்நீரே முதல். விராலுக்குச் சேறு போதும். ஐந்தாறு கிலோ எடைக்கு வளர்ந்த கட்லாவுக்குப் போதாது. துருசின் அடித்தளத்துக்குக் கீழே தங்கும் நீரே இன்று மீனின் பங்கு. வண்டல் படியப் படிய அப்பங்கும் ஆழங் குறைகின்றது.