வழக்கொழிந்த கணினியும் சான்றின் தொடரும்

ஒரு செய்தியை ஏற்கும் முன், அது யார் யார் வழியாக வந்தது என வினவுவது ஹதீஸ் கலையின் அடிப்படை. இஸ்னாத் என்னும் அறிவிப்பாளர் தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் செய்தி பலவீனமடையும். கணினித் தடயவியலும் இவ்வினாவையே எழுப்புகிறது. கைப்பற்றிய வட்டை ஒரு பைட்டும் மாறாமல் படியெடுத்து, ஹாஷ் எனும் எண்முத்திரை கணித்து, அது கைமாறிய ஒவ்வொரு நிலையையும் பதிவு செய்வர்.

இன்றைய வட்டுகளுக்கென வகுத்த இம்முறை, பழைய வீட்டுக் கணினிகளின்முன் தடுமாறுகிறது. 1982-இல் வெளிவந்த கொமடோர் 64-ஐ நோக்குவோம். அதன் 1541 வட்டியக்கி 35 தடங்களில் 1,74,848 பைட்டுகளை எழுதியது. வெளித்தடத்தில் 21 பகுதிகள், உள்தடத்தில் 17. குறியீட்டு முறையும் வேறாதலின், பிசியின் வட்டியக்கிக்கு அது வெற்று வட்டாகவே தோன்றும். அதன் கோப்புப் பட்டியலில் தேதியும் இல்லை; எப்போது எழுதப்பட்டது என்ற வினாவுக்கு வட்டு விடை தராது. நைந்த காந்தப்பூச்சை இருமுறை படித்தால் இரு வேறு ஹாஷ் கிடைக்கவும் கூடும். அவ்வேறுபாட்டை மோசடியெனக் கொள்வது அநீதியாகிவிடும்.

ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1985-இல் அமிகா கணினியில் வரைந்த படங்கள், பிட்ஸ்பர்க் அருங்காட்சியகத்தின் நெகிழ்வட்டுகளில் முடங்கிக் கிடந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினிக் கழகத்தார் அவற்றை மீட்ட செய்தி 2014-இல் வெளியாயிற்று. வட்டைப் படித்தபின்னும், கோப்பின் அமைப்பு அறியப்படாததாக இருந்தமையால், அதனையும் அவர்களே ஆய்ந்தறிய வேண்டியிருந்தது.

இது நமக்கு அயலான செய்தியன்று. குவைத்தில் முஹம்மத் அல்-ஷாரிக் 1982-இல் தொடங்கிய நிறுவனம், சக்ர் என்ற பெயரில் அரபு எழுத்துடைய எம்.எஸ்.எக்ஸ் வீட்டுக் கணினிகளை வெளியிட்டது. யூனிகோட் முதற்பதிப்பு வந்தது 1991-இல்தான். அதற்கு முன் அரபு எழுத்துகளுக்கான எண்கள் கணினிக்குக் கணினி வேறுபட்டன. உரிய அட்டவணை இன்றேல், வட்டின் எல்லா பைட்டுகளும் பிழையின்றிக் கிடைத்தாலும் வாசகம் உருக்குலைந்தே தோன்றும்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கவும் சாட்சிகளை ஏற்படுத்தவும் அல்-பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் பணிக்கிறது. அத்தகைய கணக்கோ, ஒரு வஸிய்யத்தோ, மறைந்த ஆலிம் ஒருவரின் குறிப்போ பழைய வட்டொன்றில் இருக்கக்கூடும். ஆகவே வட்டை மட்டுமன்றி, அதனை எழுதிய கணினியையும் கையேட்டையும், அது யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்ற குறிப்பையும் சேர்த்தே நாம் பேண வேண்டும். எழுத்து எஞ்சியிருந்தும் அதனை வாசிக்கும் வழி அற்றுப்போனால், சாட்சி உயிரோடிருந்தும் ஊமையானதற்கு ஒப்பாகும்.